விழாமல் நின்ற வாணம்

நாங்கள் வாழ்ந்த குடியிருப்பில் மாதா திருநாளுக்குப் பெருவாணம் ஏற்றும் வழக்கம் இன்று இல்லை. கம்பி மத்தாப்பு உண்டு, சரவெடி உண்டு. வானேறி மலரும் வாணம் மட்டும் கிடையாது. அதற்குக் காரணம் என்னவென்று அண்மையில் ஒரு கூட்டத்தில் இளைஞர் ஒருவர் கேட்டார். மேடையில் இருந்தவர், முற்காலத்தில் குடிகாரத் தொழிலாளி ஒருவன் விளையாட்டாக விட்ட வாணம் கப்பலொன்றைக் கொளுத்தப் பார்த்தது, அதனால் அரசு தடுத்துவிட்டது என்று விடை கூறினார். அவையினர் சிரித்தனர். முதுமையால் எனக்கு உடனே எழுந்து நின்று பேச இயலவில்லை. எழுந்தபோது கூட்டம் வேறு பொருளுக்குப் போய்விட்டது.

அம்மனிதர் குடித்து நான் கண்டதில்லை. எந்தக் கப்பலும் எரியவில்லை. அவர் விளையாடவும் இல்லை. நடந்தது, மேடையில் சொல்லப்பட்டதைக் காட்டிலும் துயரமானது; அதைச் சொல்வதால் எவருக்கும் ஆறுதல் விளையப்போவதும் இல்லை. ஆயினும் பொய்யான ஒரு நகைப்பின்கீழ் அவர் புதைந்து கிடத்தல் தகாது. அன்று கரையில் நின்றவர்களுள் எஞ்சியவன் நான் ஒருவனே என்று எண்ணுகிறேன். ஆதலின் இதனை எழுதிவைக்கிறேன்.

நான் அக்காலத்தில் தீவின் துறைமுகப் பகுதியான ஹேடோவில் தமிழாசிரியனாக இருந்தேன். துறைமுகத் தொழிலாளர்க்கென எழுப்பிய மரவீடுகளில் ஒன்று, ஆளில்லாமல் கிடந்தமையால், எனக்குக் கிடைத்தது. பக்கத்து வீட்டில் அவர் தம் மனைவியோடும் ஒரே மகனோடும் இருந்தார். தென்கடற்கரை ஊரொன்றிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். அவர் பட்டறையில் வெல்டர். பற்றவைப்பாளர் என்று எழுதவே என் கை விழைகிறது. ஆனால் அப்படி அழைத்திருந்தால் அவரே திரும்பிப் பார்த்திருக்கமாட்டார். பகலெல்லாம் கப்பல் தகட்டைப் பற்றவைப்பார். மாலையில் வாணம் கட்டுவார். அது அவருக்குத் தொழில் அன்று. அதனால் ஒரு காசும் அவர் ஈட்டியதில்லை. சிலர் சீட்டாடினர், சிலர் தூண்டில் போட்டனர். அவர் தாளைச் சுருட்டிக் கூடு செய்து, மருந்து திணித்து, நூலால் வரிந்து கட்டிக்கொண்டிருந்தார். திருநாளின்போது சப்பரம் கோயில் முற்றத்துக்குத் திரும்பியதும், கரைமணலில் நட்ட இரும்புக் குழாயிலிருந்து அவருடைய வாணங்கள் ஒவ்வொன்றாக எழும். தெலுங்கரும் வங்காளியரும் மலையாளிகளும் தத்தம் வாசலில் நின்று பார்ப்பர். தீவில் கேளிக்கைகள் அரியனவாக இருந்த காலம் அது.

கூடு சுருட்டுவதற்குத் தடித்த தாள் கிடைப்பதும் அரிது. மாணவர்களின் பழைய விடைத்தாள்களை நான் கொடுத்து வந்தேன். ஒவ்வொரு வாணம் ஏறும்போதும் அவர் என்னைப் பார்த்து, "ஒங்ககிட்ட பாசாகாத பயலுவ எல்லாம் எவ்வளவு மேல போறானுவ பாத்தியளா, வாத்தியாரே" என்பார். ஆண்டுதோறும் அதையே சொன்னார். ஆண்டுதோறும் நான் சிரித்தேன்.

அவருடைய மகன் இருபது வயதைக் கடந்த இளைஞன். தந்தையின் பட்டறையை வெறுத்துக் கடலை விரும்பினான். ஒரு மழைக்காலத்தில் தனியே சிறுதோணியில் மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. துறைமுகத்தில் தேடுதலுக்கு உதவக்கூடிய விசைப்படகு ஒன்றுதான் இருந்தது. லாஞ்சு என்றே அதனை அனைவரும் அழைத்தனர். அன்று அது அரிசி மூட்டைகளோடு வடக்கே தொலைவிலுள்ள மாயாபந்தர் சென்றிருந்தது. எவர்மேலும் குற்றம் இல்லை. மாயாபந்தர் மக்களும் உண்ண வேண்டுமல்லவா? மீனவர் தம் தோணிகளில் தேடினர். காற்று அவர்களைத் திருப்பி அனுப்பியது. லாஞ்சு வந்து சேர்ந்தபோது தேடுவதற்குப் பொருளில்லை என்று கடலறிந்த அனைவரும் கூறிவிட்டனர்.

தாய் மட்டும் அதை ஏற்கவில்லை. அவரைப் பித்தர் என்று சொல்லிவிட முடியாது. இங்கே கடலெங்கும் தீவுகள். ஆளில்லாத திட்டில் ஒதுங்கி, மழைநீர் குடித்து, நெடுநாள் கழிந்து மீண்டவர்களின் கதைகள் ஒவ்வொரு குடியிருப்பிலும் வழங்கின. அவற்றுள் சில உண்மையும்கூட. வெறுங்கடலாக இருந்திருந்தால் அந்தத் தாய் அழுது முடித்திருப்பார். "வந்துருவான் சார். எங்கயோ டாபுல ஏறிக் கெடக்கான். தேடத்தான் லாஞ்சி போவல" என்று என்னிடம் பலமுறை சொன்னார். டாபு என்பது இங்குள்ளோர் தீவுக்கு வழங்கும் இந்துஸ்தானிச் சொல். தேட லாஞ்சு போகவில்லை என்ற அந்தக் கடைசிப் பகுதியே அவருடைய நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

அவ்வாண்டுத் திருநாளுக்கு வெல்டர் வாணம் கட்டமாட்டார் என்றே நினைத்தோம். ஆனால் மனைவியே கட்டச் சொன்னார். மகன் எந்தத் திட்டில் இருந்தாலும் வாணத்தைக் காண்பான், ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறிவான் என்பது அவர் கருத்து. வெல்டர் கட்டினார், ஏற்றினார். பொன்னிறமாக மலர்ந்து அணைந்தது. மணலில் அமர்ந்திருந்த அப்பெண், மற்றவர்கள் கைதட்டி முடிக்கும் வரை பொறுத்திருந்து, கணவரிடம் மெல்லச் சொன்னார்: "கண்ணு மூடித் தெறக்கதுக்குள்ள போயிருதே. அவன் அங்கன திரும்பிப் பாக்கவாது நேரம் வேண்டாமா?"

அந்த ஒரு வாக்கியத்துக்காக வெல்டர் அடுத்த திருநாள் வரை உழைத்தார். விழாமல் நிற்கும் வாணம் வேண்டும். மெல்லிய மல் துணியில் கைக்குட்டை அளவுக் குடை தைத்தார். உச்சியில் கூடு பிளக்கும்போது குடை விரிய வேண்டும். அதன் கீழே ஒளிக்குண்டு ஒன்று தொங்கியவாறு நின்றெரிய வேண்டும். முதலில் செய்தவை குடையோடு எரிந்தன. ஒன்று வங்காளி எழுத்தர் வீட்டுத் தகரக் கூரையில் விழுந்து, அவ்வீட்டு அம்மையார் இந்தியில் ஏசிய ஏச்சு தெருமுனை வரை கேட்டது. வெல்டர் தலையைச் சொறிந்துகொண்டு நின்று கேட்டுவிட்டு, கூரைத் தகட்டை இலவசமாகப் பற்றவைத்துக் கொடுத்தார். வெள்ளொளி வைத்தால் விண்மீனோடு மயங்கிவிடும் என்று கருதி, செந்நிறம் தரும் உப்பொன்றை அரிசிக் கப்பலின் பணியாளர் ஒருவர் வாயிலாகச் சென்னையிலிருந்து தருவித்தார்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். வானில் தொங்கி மெல்ல இறங்கும் செவ்வொளி, ஆபத்தில் சிக்கிய கப்பல் உதவி கோரும் குறி. கடலோடிகள் அனைவரும் அறிந்தது. வெல்டரோ கப்பலைப் பழுதுபார்த்தவர். கப்பலில் பணிசெய்து கடலோடியவர் அல்லர். நானோ ஏட்டுக்கு அப்பால் கடலறியாதவன். மகன் காண வேண்டும், நெடுநேரம் காண வேண்டும், வேறொன்றாகக் கருதிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி, கடைசியில் அவர் தம் கையாலேயே அந்தக் குறியைச் செய்து முடித்திருந்தார்.

திருநாள் மாலை. இத்தீவுகளில் பெருநிலப்பகுதியைக் காட்டிலும் முன்னதாகவே இருட்டிவிடும். சப்பரம் திரும்பியபோது வானம் கருத்திருந்தது. தென்மேற்குக் காற்று ஓயவில்லை. வாணம் ஏறிற்று, பிளந்தது, குடை விரிந்தது. செவ்வொளி வானில் நின்றது. காற்று அதனை மெல்லக் கடல்மேல் நகர்த்திச் சென்றது.  நீர் சிவந்திருந்தது. வெல்டர் கையில் கொள்ளியோடு அண்ணாந்து நின்றார். அவர் முகத்தில் நான் அதன்பின் ஒருபோதும் காணாத நிறைவு இருந்தது.

ஒளி நீரில் தோய்ந்து அணைந்த சிறிது நேரத்தில் துறைமுகத்திலிருந்து மணியோசை கேட்டது. பிறகு லாஞ்சின் பொறி முழங்கிற்று. அது விரைந்து முகத்துவாரம் நோக்கிப் போயிற்று. அதன் பெருவிளக்கு அலைமேல் அங்குமிங்கும் துழாவிற்று. என்ன நேர்ந்ததென்று எங்களுக்கு விளங்கவில்லை. அப்பெண்ணுக்கு மட்டும் விளங்கியது. அவர் எழுந்து நீரோரம் ஓடினார். "லாஞ்சி போவுது... இஞ்ச வாங்க, பாருங்க, லாஞ்சி போவுது. எம் புள்ளயத் தேடப் போறாவ" என்றார். கணவரின் கையைப் பற்றிக்கொண்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றார்.

எவரும் மறுத்துரைக்கவில்லை. எப்படி உரைப்பது? விளக்கு கண்ணெதிரே தேடிக்கொண்டிருந்தது. தேடுவோருக்கே தாம் யாரைத் தேடுகிறோம் என்று தெரியாதபோது, அந்தத் தாயின் மகனைத் தேடவில்லை என்று நாங்கள் எப்படிச் சொல்வோம்?

லாஞ்சு வெறுமையாகத் திரும்பிற்று. கொந்தளிப்பில் அது துறைமேடையை அணைந்தபோது, கயிறு வீசிய கலாசி என்னும் படகுப் பணியாளர் ஒருவரின் கை இடையில் அகப்பட்டு நசுங்கியது. அவர் ஆந்திரத்துக்காரர், வயது முதிர்ந்தவர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

மறுநாள் துறைமுகப் பொறுப்பதிகாரி வெல்டரை அழைத்தார். மொழிபெயர்க்க நானும் சென்றேன். அதிகாரி கொடியவர் அல்லர். நெடுங்காலம் கடலில் உழைத்தவர். கதையை முழுவதும் கேட்டார். வாணத்தின் குடையை எப்படி மடித்தார் என்றுகூட வினவினார். பின்னர் அவர் சொன்னதன் சாரம் இது: வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலும் அதனைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தது. மகிழ்ச்சிக்காக ஒருமுறை செவ்வொளி ஏற்றினால், மறுமுறை சாகக்கிடப்பவன் ஏற்றும்போது எவனும் பொறியை முடுக்கமாட்டான். ஆகவே அவர் மேலிடத்துக்கு எழுதுவார்.

எழுதினார், ஆணை வந்தது. துறைமுகத்தின் பார்வைக்கு எட்டும் தொலைவில், குழாயிலிருந்து வானேற்றும் எவ்வகை வாணமும், எந்நிறத்ததாயினும், உரிமம் இன்றி எவரும் ஏற்றலாகாது. வீட்டில் மருந்து கலத்தலும் கூட்டினைக் கட்டுதலும் குற்றம். சிறுவெடிக்கும் மத்தாப்புக்கும் தடையில்லை. வெல்டர் ஆணையை நான் படித்துச் சொல்லக் கேட்டுவிட்டுத் தம் கைகளைப் பார்த்தார்.

"சட்டம் சரிதான் வாத்தியாரே. அன்னைக்கி எம் பயலுக்கு இந்தச் செவப்பு வெளிச்சம் ஒண்ணு கையில இருந்திருந்தா எவனாவது கண்டிருப்பான். நான் அதக் கொண்டு திருநாக் கொண்டாடிட்டேன்."

ஆயினும் வெண்ணிற வாணத்துக்காவது உரிமம் கிடைக்குமா என்று அவர் பொருட்டு நான் விண்ணப்பம் எழுதினேன். விடை பருவம் மாறிய பின்னர் வந்தது. உரிமம் வழங்குவோர் கடல் கடந்து பெருநிலப்பகுதியில் இருந்தனர். மருந்து வைக்கக் குடியிருப்புக்கு அப்பால் கற்கட்டடம் வேண்டும், காவல் வேண்டும், மருந்து கொணரத் தனிக்கலம் வேண்டும், ஏனெனில் பயணிகள் கப்பலில் அதை ஏற்றமாட்டார்கள். இவையெல்லாம் வாணிகர்க்கு இயலலாம். விருப்பத்துக்காகச் செய்பவன் என்றொரு வகையே சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. தொழிலாகச் செய்பவனுக்கு வழி இருந்தது; அன்பினால் செய்பவனுக்கு இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்பை அளந்து உரிமம் தர எந்த அலுவலகத்தால் இயலும்?

அவர் மனைவிக்கோ வெண்ணிற வாணம் வேண்டியதில்லை. அது மகன் பார்ப்பதற்கு மட்டுமே உதவும். செந்நிறம்தான் லாஞ்சைக் கிளப்பும். அவருக்கு இப்போது வேண்டியது லாஞ்சே. ஆணை எதனைத் தடுக்க எழுந்ததோ அதனையே அவர் வேண்டினார். "ஒரு தடவ தேடுனா போதுமா சார்? டாபு எத்தன கெடக்கு" என்று கேட்டார். வெல்டர் அதிகாரியிடம் மீண்டும் போய், வாணமே வேண்டாம், ஆண்டுக்கொருமுறை லாஞ்சை மட்டும் சிறிது தூரம் அனுப்ப இயலுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.  இத்தீவுகளில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார் எத்தனை பேர் என்று தமக்குத் தெரியும் என்றார் அதிகாரி. ஒருவருக்கு அனுப்பினால் யாரை மறுப்பது என்றார்.

அடுத்த திருநாள் பெருவாணம் இன்றிக் கழிந்தது. மக்கள் மத்தாப்புக் கொளுத்தினர். அப்பெண் துறைமேடையருகே சென்று அமர்ந்தார். கட்டிக் கிடந்த லாஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்பின் அவர் உடல் தளர்ந்தது. மருத்துவர் நெஞ்சுநோய் என்றார். மறு திருநாள் நெருங்கியபோது படுக்கையில் இருந்தார். அதையும் விட்டால் அடுத்ததைத் தாம் காணப்போவதில்லை என்று அப்பெண்ணே சொல்லிவிட்டார்.

வெல்டர் ஒரு வாணம் கட்டினார். எங்கே, எப்போது கட்டினார் என்று நான் கேட்கவில்லை. திருநாள் மாலை அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, என்னையும் உடன்வரச் சொன்னார். தடுக்கவா துணைநிற்கவா என்று அறியாமலே நடந்தேன். வழியில் ஆந்திரத்துக் கலாசி எதிர்ப்பட்டார். கை ஆறியிருந்தது, விரல்கள் மடங்கவில்லை. அன்று லாஞ்சில் அவருக்கே முறை என்றும், காற்று நல்லதாக இல்லை என்றும் இந்தியில் சொல்லிவிட்டு, வெல்டர் தோளை மடங்காத கையால் தட்டிக்கொடுத்துப் போனார். துணிக்குள் என்ன இருந்தது என்று அவர் அறிந்திருந்தாரா என்பதை இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பழைய குழாய் மணலில் சாய்ந்து கிடந்தது. அவர் அதை நிமிர்த்தினார். வாணத்தை உள்ளே இறக்கினார். அலைகள் துறைமேடைத் தூண்களில் மோதி உடையும் ஓசை அங்கும் கேட்டது. லாஞ்சின் சிறுவிளக்கு எழுந்தும் தாழ்ந்தும் தெரிந்தது. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவ்விளக்கையே பார்த்து நின்றார். பிறகு குனிந்து, வாணத்தை வெளியே எடுத்து, இடுப்பளவு நீரில் இறங்கி, அதனை இரு கைகளாலும் நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தார். கூடு ஊறிப் பிரிந்தது. என் மாணவர்களின் விடைத்தாள்கள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. மல் துணிக் குடை மட்டும் அவர் விரலில் சிக்கிக்கொண்டது.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பெண் விழித்திருந்தார். கட்டிலிலிருந்து பார்த்தால் வானம் தெரியாது, சுவர்ப்பக்கம். தெருவில் பிள்ளைகளின் வெடியோசை கேட்டுக்கொண்டிருந்தது.

"லாஞ்சி போச்சா?" என்றார்.

வெல்டர் நனைந்த வேட்டியோடு வாசற்படியிலேயே நின்றார். "போச்சுளா" என்றார்.

"வெளக்கு அடிக்கிறாவளா?"

"அடிக்கிறாவ. தூரமாப் போயித் தேடுதாவ."

அப்பெண் கண்ணை மூடிக்கொண்டார். "அப்பம் சோத்த மூடி வய்யிங்க. பசியோட வருவான்."

அந்தப் பொய் அன்றைக்கு மட்டுமே பயன்படும் என்று வெல்டர் கருதியிருக்க வேண்டும். நானும் அவ்வாறே கருதினேன். ஆனால் போன லாஞ்சு திரும்பியாக வேண்டுமே. திரும்பியது என்றால், மகன் எங்கே என்பார். ஆகவே மனைவி காலையில் "லாஞ்சி வந்துட்டா?" என்று கேட்டபோது, "இன்னும் வரல" என்றார் வெல்டர். அடுத்த காலையிலும் அதையே சொன்னார். நலம் விசாரிக்கச் சென்ற பெண்டிரும் அதையே சொல்லப் பழகினர். பங்குச்சாமியாரிடமும் அப்பெண் கேட்டார், பொய் சொல்ல இயலாத அவர் செபமாலையை எடுத்துக்கொண்டு முழந்தாளிட்டார். நாள்தோறும் துறையிலிருந்து உண்மையான லாஞ்சின் பொறியோசை எழும். அதைக் கேட்டு அப்பெண் எழ முயல்வார். "அது வேற லாஞ்சி" என்று வெல்டர் சொல்வார். தீவில் வேறு லாஞ்சு இல்லை.

முன்பு மகன் ஒருவனுக்காகக் காத்திருந்தவர், இப்போது அவனைத் தேடிப் போனவர்களுக்காகவும் காத்திருந்தார். அவர்களுக்கு வீட்டில் பெண்டு பிள்ளைகள் இருப்பார்களே என்று கவலைப்பட்டார். காற்று வீசிய நாளில், "நம்ம புள்ளைக்காவ அவங்களும் கெடந்து சாவுதாவளே" என்று அழுதார். அந்த அழுகையைக் கேட்க முடியாமல் கணவர் பட்டறைக்குப் போய்விடுவார். மழை ஓய்வதற்குள் அப்பெண் இறந்தார். அவரைப் பொறுத்தவரை லாஞ்சு கடலில்தான் இருந்தது.

வெல்டர் அதன்பின் வெடிமருந்தைத் தொடவில்லை. ஓய்வு பெற்றதும் உறவினரோடு மாயாபந்தர் போனார். அங்கேயே இறந்தார் என்று கேள்வியுற்றேன். இரும்புக் குழாயை எவரும் பிடுங்கவில்லை. நெடுங்காலம் மீனவர் அதில் தோணி கட்டினர்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. நினைவு தேய்ந்துவிட்டது. ஆணையின் சொற்களை நான் பொருளளவில்தான் தந்திருக்கிறேன். கலாசியின் நசுங்கிய கை வலக்கையா இடக்கையா என்பதும், சப்பரம் எவ்வழி சுற்றியது என்பதும் எனக்கு ஐயமே. அக்கால ஹேடோவை அறிந்தோர் பிழை கண்டால் இரக்கமின்றித் திருத்த வேண்டுகிறேன். சிறப்பாக ஒன்று. அந்தக் கடைசித் திருநாள் மாலையில் லாஞ்சு துறையில் கட்டிக் கிடந்ததை நான் பார்த்தேன். வீடு திரும்பிய பின் நிகழ்ந்தது எனக்குத் தெரியாது. வேறு எப்பணியின் பொருட்டேனும் அது அன்று மாலை விளக்கோடு கடலுக்குள் போயிருந்ததாக, அதில் பணியாற்றியோரின் வழிவந்தோர் எவரேனும் சொல்லக்கூடுமாயின், ஏனைய திருத்தங்களுக்கெல்லாம் முன்னதாக அதனை எனக்குத் தெரிவித்தருள வேண்டும்.